வாயு என்று நீயே முடிவு கட்டாதே

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் இடப்பக்கம் சுருக்கென்று குத்துகிறது என்றும், வாயுதான் என்று சோடா குடித்துவிட்டு வேலைக்குப் போனாய் என்றும் அம்மா சொன்னாள். வாயுவாகவே இருக்கலாம், கண்ணு. ஆனால் அதை நீ தீர்மானிப்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

குத்தும் வலியெல்லாம் மாரடைப்பு அல்ல. ஈரோட்டில் மஞ்சள் மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தசை பிடித்துக்கொண்டு, கையை உயர்த்தினாலே நெஞ்சு வலிக்கும். விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் குருத்தெலும்பில் அழற்சி வந்தால், விரல் வைத்து அழுத்தும் இடத்தில் வலி தெறிக்கும். மூச்சோடு சேர்ந்து குத்துவது நுரையீரல் உறையின் அழற்சியாகவும், மல்லாந்து படுத்தால் கூடி முன்னால் குனிந்தால் குறைவது இதய உறையின் அழற்சியாகவும் இருக்கலாம்.

உன்னைப் போல் உயரமாகவும் ஒல்லியாகவும் இருக்கும் இளைஞர்களுக்கு, அதிலும் சிகரெட் பிடிப்பவர்களுக்கு (நான் ஒன்றும் கேட்கவில்லை), நுரையீரலிலிருந்து காற்று கசிந்து, திடீரென்று ஒரு பக்கம் குத்தி மூச்சுத் திணறுவதுண்டு. பெங்களூரிலிருந்து இரவெல்லாம் பேருந்தில் காலை மடக்கி உட்கார்ந்து வருகிறாய். கெண்டைக்கால் வீங்கி, பிறகு நெஞ்சு குத்தி மூச்சு வாங்கினால், காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கலாம். இவ்விரண்டிலும் காத்திருக்கவே கூடாது.

மாரடைப்பு பெரும்பாலும் குத்தாது. பாரமாக அழுத்தி, இடக்கை, தாடை, முதுகு வரை பரவி, வியர்த்துக் கொட்டும். அம்மாவைப் போல் சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் களைப்பும் மூச்சிரைப்பும் மட்டும் வரலாம். ஓய்ந்து உட்கார்ந்தும் சில நிமிடங்களில் அடங்காவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும். நீயே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பாதே. முதுகு வரை கிழிக்கும் வலி, மயக்கம், இருமலில் ரத்தம் என்றால் அந்தச் சில நிமிடங்களும் வேண்டாம். நம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில்கூட, 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு முதல் மாத்திரைகளைக் கொடுத்துத்தான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். நேரம் அவ்வளவு முக்கியம்.

இதைப் படித்த அன்றே மருத்துவரிடம் போ. முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும், சில மணி நேரம் கழித்து இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுக்க வேண்டும் என்றால், அலுத்துக்கொண்டு எழுந்து வராமல் இரு. மார்பு எக்ஸ்ரேவும் எடுக்கச் சொல்வார்கள். முடிவை அம்மாவுக்கு நீயே போன் செய்து சொல்.

இப்படிக்கு,
அப்பா