மேல்தளத் திருப்பணி நிறைவு அறிக்கை: மறைந்த தலைவர் அண்ணாச்சி நினைவோடு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் கோயிலின் மேல்தளத் திருப்பணியும் விமானச் சுதை வேலையும் முடிந்து, தை மாதம் குடமுழுக்கு நடந்து, 48 நாள் மண்டலாபிஷேகமும் பூர்த்தியாகிவிட்டது. ஆரம்பித்து வைத்த தலைவர் அண்ணாச்சிதான் பார்க்க இல்லை. தளம் பாதி முடிந்திருந்தபோது, புரட்டாசியில் அவர் காலமானது உங்களுக்குத் தெரியும். நிறைவு அறிக்கையைத் தலைவர் எழுதுவதுதான் வழக்கம். இந்த முறை செயலாளரான நான் எழுதுகிறேன். அவர் ஒரே பக்கத்தில் முடித்துவிடுவார். எனக்கு அது வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. தணிக்கை செய்த வரவு செலவு கோயில் அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறது. கடன் பாக்கி எதுவும் இல்லை. ரசீது அடிக்கட்டைகளை யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம். கணக்கைப் பற்றி இவ்வளவு போதும்.

உறுப்பினர்கள் பலர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆயுசு முழுக்க சிமெண்ட் விற்றவர் தலைவராக இருந்தும், இந்தத் திருப்பணிக்கு ஒரு மூட்டை சிமெண்டுகூட வரவில்லையே, ஏன்? சிலர் இதை வேறு மாதிரியும் பேசினார்கள். அவர் இருக்கும்போது பதில் சொல்ல வேண்டாம் என்று தடுத்துவிட்டார். இப்போது சொல்லலாம்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 1982 வரை சிமெண்டின் விலையும் விநியோகமும் அரசாங்கத்தின் கையில் இருந்தன. வீட்டுக்குத் தளம் போட வேண்டுமென்றால் பெர்மிட் எழுதி வாங்க அலைய வேண்டும். 1982-இல் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது. 1989-இல் முழுசாக நீங்கியது. அந்தப் பெர்மிட் காலத்தில் இரும்புக் கடையோடு சிமெண்டும் வைத்து நடத்தியவர் அண்ணாச்சி. மூட்டை கிடைத்தால் பதுக்கி வைக்க ஆளுக்கா பஞ்சம்? அவரிடம் மட்டும் வரிசைப்படிதான் கிடைக்கும் என்று என் அப்பா சொல்வார். எங்கள் வீட்டு மூட்டைகள் கடனாகத்தான் வந்தன. தளம் போட்ட மறுநாள் காலையில் சைக்கிளில் வந்து வாசலில் நின்றாராம். கடனைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று பயந்து அம்மா உள்ளே போய்விட்டாள். அவர் கேட்டது, "பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தியாச்சா?" என்றுதான். ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, ஒரு மூலையில் பாத்தி உடைந்திருக்கிறது என்று தானே மண் குழைத்து அடைத்துவிட்டுப் போனார். இந்த ஊரில் பாதி வீடுகளுக்கு இப்படி ஒரு கதை இருக்கும். சங்கத்துக்கும் கோயிலுக்கும் அவர் தலைவரானது தேர்தலில் இல்லை, இந்த ஏணிகளில் ஏறித்தான்.

கட்டுப்பாடு நீங்கிய பிறகு வந்த திருப்பணியில், கோயில் மேல்தளம் முழுக்க சிமெண்ட் பூச்சு போட்டார்கள். அத்தனை மூட்டையும் அண்ணாச்சி உபயம். அப்போது எல்லோருக்கும் பெருமை. கல்லுக்கு மேல் சிமெண்ட், இனி எந்த மழைக்கும் அசையாது என்று பேச்சு. அடுத்த திருப்பணி வருவதற்குள் மகா மண்டபத்தில் ஐப்பசிக்கு ஐப்பசி வாளி வைக்க வேண்டியதாகிவிட்டது. அப்புறம் ஒழுகிய இடத்திலெல்லாம் இன்னொரு பூச்சு, அதற்கு மேல் தார், அதற்கு மேல் ஏதோ ரசாயனப் பெயிண்ட். தளத்தின் கனம்தான் கூடியது.

இந்தத் திருப்பணிக்கான முதல் கூட்டத்தில் பலரும் புதுப்புது பூச்சுகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அண்ணாச்சி எழுந்து நின்று சொன்னார்: "அந்த மூட்டை எல்லாம் என் கடையில இருந்து போனதுதான். ஒழுகுறது நான் பண்ணினது." யாரும் எதுவும் பேசவில்லை. ஸ்தபதிதான், "ஐயா, அப்போ எல்லா ஊரிலயும் அதைத்தான் செஞ்சாங்க" என்றார். உண்மைதான். ஆனாலும் அவர் அதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளவில்லை.

தளம் ஒழுகியதற்குக் காரணம் இதுதான். கருங்கல் பாவிய தளம் பகலில் வெயிலுக்கு விரிந்து, இரவில் சுருங்கும். பழைய சுண்ணாம்புத் தளம் அதோடு சேர்ந்து கொஞ்சம் இழுபடும். ஈரம் இறங்கினாலும் வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு விறைப்பானது. மயிரிழை விரிசல் விடும், அதன் வழியே தண்ணீர் இறங்கும், இறங்கியது மேலே வர வழியில்லாமல் அடியிலேயே தங்கும். உத்தரங்களில் வெள்ளையாய் உப்புப் பூத்ததும், விமானத்து இடுக்கில் அரசங்கன்று முளைத்ததும் அப்படித்தான். வீட்டுத் தளத்துக்கு சிமெண்ட் சரி. அதைக் கோயில் தலையில் வைத்ததுதான் தப்பு.

அனுமதிக்கு நாளானது. அறநிலையத் துறையின் மண்டல வல்லுநர் குழு, பிறகு மாநில வல்லுநர் குழு என்று இரண்டு படி ஏற வேண்டும். சுவர்களைச் சுத்தம் செய்ய மணல் வீச்சு அடித்துத் தந்துவிடுகிறேன் என்று ஓர் ஒப்பந்தக்காரர் வந்தார். அதற்குத் தடை இருக்கிறது, இருக்கவும் வேண்டும். எழுத்து வெட்டிய கல்லின் மேல் மணலைப் பீய்ச்சினால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். தண்ணீரும் தேங்காய் நாரும் வைத்துத்தான் தேய்த்தோம்.

சுண்ணாம்பு வேலை அவசரத்துக்கு ஆகாது. சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தொட்டித் தண்ணீரில் போட்டால் உலைபோலக் கொதிக்கும். நீற்றி, சலித்து, வாரக்கணக்கில் புளிக்க வைக்க வேண்டும். கடுக்காயை நொறுக்கி ஊறப்போட்ட தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் சேர வேண்டும். அந்த நாட்களில் மடப்பள்ளிப் பக்கம் வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனீர்கள், ஞாபகம் இருக்கும். அப்புறம் செங்கல் ஜல்லியோடு கலந்து தளத்தில் பரப்பி, தட்டுக்கட்டையால் நாள் கணக்கில் அடிக்க வேண்டும். பெண்கள் வரிசையாய் உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். அண்ணாச்சி குடையோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பார். முதல் நாள் சத்தம் சேற்றில் அடித்ததுபோல சொத சொத என்று இருந்தது. பிறகு சத்தம் மாறி மாறி, கடைசியில் 'டங்' என்று கேட்டு, கட்டை கையை விட்டு எகிறித் திரும்பும். அதுதான் பதம். "எகிறுதா தாயி?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். தெற்குப் பாதி எகிறியதை அவர் பார்த்தார். வடக்குப் பாதி எகிறிய அன்று அந்த நாற்காலியை யாரும் எடுத்து வைக்கவில்லை.

அதன் மேல் தட்டு ஓடுகளைப் பதித்து, மழைத்தண்ணீர் வெளியேறும் இரண்டு பக்கத் தூம்புகளுக்கும் வாட்டம் வைத்து முடித்தோம். சிலையைப் பீடத்தோடு ஒட்ட வைக்கும் அஷ்டபந்தன மருந்துக்குக் கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் உட்பட எட்டுச் சரக்கையும் வாங்கி, கோயிலிலேயே இடித்தோம். இடிக்க வந்த இளைஞர்களுக்குத் தனியாக நன்றி. பாலாலயத்திலிருந்து குடமுழுக்கு வரை நடந்த பூஜைகளின் விவரம் அழைப்பிதழிலேயே இருந்ததால் இங்கே திரும்ப எழுதவில்லை.

அண்ணாச்சிக்கு என்ன மரியாதை செய்வது என்று மூன்று கூட்டம் பேசினோம். மண்டபத்தில் படம், வாசலில் வளைவு, மார்பளவு சிலை என்று யோசனைகள் வந்தன. அவர் குடும்பத்தார் எதுவும் வேண்டாம் என்றார்கள். புதுக் கல்வெட்டில் உபயதாரர் பெயர்களை அகர வரிசையில் வெட்டியிருக்கிறோம். அதில் அவர் பெயர் எங்கே வருமோ அங்கே, மற்றவர்களின் அதே அளவு எழுத்தில் இருக்கிறது.

ஒன்றே ஒன்றில் அவர் பேச்சை நாங்கள் கேட்கவில்லை. மேல்தளப் படிக்கட்டுச் சுவரில், அவர் பெயரோடு 'சிமெண்ட் உபயம்' என்று வெட்டிய பழைய கல் ஒன்று உண்டு. தளத்தைக் கொத்தி எடுத்த அன்று, "சிமெண்டே போயிட்டு, உபயக் கல் எதுக்கு தம்பி? பெயர்த்திரு" என்றார். சரி அண்ணாச்சி என்று தலையாட்டிவிட்டேன். பெயர்க்கவில்லை. குழுவும் ஒரு மனதாக அது அங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மீதிச் சுண்ணாம்பை வடமேற்கு மூலைத் தொட்டியில் ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறோம். அடுத்து எங்காவது சின்னச் சின்ன ஒட்டு வேலை வந்தால் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். வீட்டு வேலைக்கு யாரும் அள்ளிப் போக வேண்டாம். தொட்டியில் தண்ணீர் வற்றக் கூடாது. மாதம் ஒருவர் முறை வைத்துப் பார்க்கிறோம். இந்த மாதம் என் முறை. அடுத்த மாதத்துக்கு இன்னும் யாரும் பெயர் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
செயலாளர், திருப்பணிக் குழுவுக்காக