ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவினருக்கு: லைன்மேன்களின் ஆட்ட வாழ்வை முழுமையாகப் பதிவு செய்யுங்கள்

அமெரிக்கக் கால்பந்தின் தலைசிறந்தோரைக் கௌரவிக்கும், ஒஹையோ மாநிலம் கான்டன் நகரிலுள்ள புரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமின் தேர்வுக் குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தைப் பல காலமாகப் பார்த்து, அதைத் தமிழில் பேசியும் விவாதித்தும் வரும் ரசிகர்களில் ஒருவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் இறுதிச் சுற்றுக்கு வந்த வீரர்களின் ஆட்ட வாழ்வை எடைபோட்டு நீங்கள் வாக்களிக்கிறீர்கள். 80 விழுக்காட்டு ஆதரவு கிடைத்தவருக்கே கான்டனில் இடம். பந்தை எறியும் குவாட்டர்பேக்குக்கும் அதைப் பிடிக்கும் ரிசீவருக்கும் இம்முறை பெரும்பாலும் நியாயமாகவே அமைகிறது. ஆனால் சென்டர், இரண்டு கார்டுகள், இரண்டு டேக்கிள்கள் என ஐவராக நின்று குவாட்டர்பேக்கைக் காக்கும் அஃபென்சிவ் லைன்மேன்களைப் பொறுத்தவரை, எடைபோடுவதற்கான சான்றே உங்கள் மேசைக்கு முழுமையாக வந்து சேர்வதில்லை என்பது என் முறையீடு.

ஒரு லைன்மேனைப் பற்றிய குறிப்பை எடுத்துப் பாருங்கள். ஆடிய ஆட்டங்கள், முதல் ஐவரில் ஒருவராக இறங்கிய ஆட்டங்கள், புரோ பவுல் (என்.எஃப்.எல். லீக்கின் நட்சத்திர ஆட்டம்) தேர்வுகள், ஆல் புரோ (அவ்வாண்டின் சிறந்த அணி) தேர்வுகள் ஆகியவற்றோடு அது முடிந்துவிடுகிறது. எதிரணியின் தடுப்பாட்டக்காரர் குவாட்டர்பேக்கை வீழ்த்தினால், 'சாக்' எனப்படும் அந்த வீழ்த்தல் 1982 முதல் அவர் பெயரில் அதிகாரபூர்வமாகப் பதிவாகிறது. ஆட்டம் முழுவதும் அந்தத் தடுப்பாட்டக்காரரை நெருங்கவிடாமல் நிறுத்தி வைத்த டேக்கிளின் பெயரில் எதுவும் பதிவாவதில்லை. அவர் தவறிழைத்து மஞ்சள் கொடி விழும்போது மட்டும், நடுவர் அவருடைய எண்ணை அரங்கம் முழுவதும் கேட்கும்படி அறிவிக்கிறார்.

இதன் விளைவை ஜோ ஜேக்கபியின் வாழ்வில் தெளிவாகக் காணலாம். அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 1981இல் எந்த அணியும் தேர்ந்தெடுக்காத அவர், வாஷிங்டன் அணியில் சேர்ந்து, பயிற்சியாளர் ஜோ பூகல் 'ஹாக்ஸ்' என்று பெயரிட்ட புகழ்பெற்ற லைனின் இடது டேக்கிளாக உயர்ந்து, பிற்காலத்தில் வலது பக்கமும் ஆடி, 13 பருவங்கள் நிலைத்து நின்றார். அவர் இருந்த காலத்தில் அந்த அணி மூன்று வெவ்வேறு குவாட்டர்பேக்குகளைக் கொண்டு லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை மூன்று முறை வென்றது. 1983 ஜனவரியில் மயாமிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில், கடைசி வாய்ப்பான நான்காம் டவுனில் ஒரு கெஜம் தேவைப்பட்ட நேரத்தில், ஜான் ரிகின்ஸ் பந்தோடு இடப்பக்கம் திரும்பி 43 கெஜம் ஓடி டச்டவுன் அடித்தார். அந்த 43 கெஜமும் ரிகின்ஸின் கணக்கில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் ஜேக்கபியும் அவருக்கு அருகில் கார்டாக ஆடிய ரஸ் கிரிமும் காவல் நின்ற பக்கம் அது என்பதை எந்த எண்ணும் சொல்வதில்லை. கிரிம் 2010இல் கான்டனுக்குள் வந்துவிட்டார். ஜேக்கபியோ 2016, 2017, 2018 ஆகிய மூன்று ஆண்டுகள் இறுதிச் சுற்று வரை வந்து நின்றுபோனார்; அதன் பிறகு அவருடைய பெயர் மூத்தோர் பிரிவுக்குப் போயிற்று. அந்த ஹாக்ஸ் லைன் உருவான அதே 1982 பருவத்தில், லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருது அதே வாஷிங்டன் அணியில் பந்தை உதைக்கும் கிக்கர் மார்க் மோஸ்லிக்குக் கிடைத்தது என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். கிக்கருக்கும் கிடைத்த அந்த விருதை ஓர் அஃபென்சிவ் லைன்மேன் ஒருமுறைகூடப் பெற்றதில்லை.

சின்சினாட்டியின் வலது டேக்கிள் வில்லி ஆண்டர்சனுக்கு நேர்ந்தது இன்னும் வருத்தம் தருகிறது. வலக்கை குவாட்டர்பேக் பந்தை எறியத் திரும்பும்போது அவருடைய பார்வைக்குப் பின்னால் இருப்பது இடப்பக்கம் என்பதால், இடது டேக்கிளே உயர்ந்தவர் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் ஆல் புரோ அணியில் இடது, வலது டேக்கிள்களைத் தனித்தனி இடங்களாகப் பிரித்ததே 2016இல்தான். ஆண்டர்சனின் கடைசிப் பருவம் 2008. 1995 முதல் ரசிகர் வாக்கும் கலந்த புரோ பவுல் தேர்வில், பந்தின் பின்னாலேயே கண்ணை ஓட்டும் என் போன்றவர்கள் வலது டேக்கிளை எவ்வளவு கவனித்திருப்போம்? அப்படியிருந்தும் அவர் 2004 முதல் 2006 வரை தொடர்ந்து மூன்று முறை முதல் ஆல் புரோ அணியில் இடம்பெற்றார். ரெஜி வைட்டையும் மைக்கேல் ஸ்ட்ரேஹனையும் நீங்கள் கான்டனில் சேர்த்திருக்கிறீர்கள். இருவரும் பெரும்பாலும் ஆடியது தடுப்பாட்டத்தின் இடது முனையில், அதாவது வலது டேக்கிளுக்கு நேரெதிரே. அத்தகையோரை எதிர்கொள்ளும் வேலை எப்படி இரண்டாம் தரமாகும்? 2025 தேர்வில் ஆண்டர்சன் கடைசி எழுவர் வரை வந்தார். அவ்வாண்டு நுழைந்த நால்வரில் ஓர் அஃபென்சிவ் லைன்மேன்கூட இல்லை.

எண்ணத் தொடங்கினால் என்ன நிகழும் என்பதற்கும் சான்று உண்டு. கிளீவ்லாந்தின் ஜோ தாமஸ் பருவ முடிவில் நடக்கும் பிளேஆஃப் சுற்றில் ஓர் ஆட்டம்கூட ஆடக் கிடைக்காதவர். 2007இல் தொடங்கி, 2017 அக்டோபரில் கையின் டிரைசெப்ஸ் தசை கிழியும் வரை, இடைவிடாமல் 10,363 ஸ்னாப்களுக்கு (சென்டர் பந்தைப் பின்னால் தந்து ஆட்ட நகர்வைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) அவர் களத்தில் நின்றார். 2023இல் தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே கான்டனில் இடம் பெற்றார். அவருடைய பெருமையை உலகுக்குச் சொல்ல ஓர் எண் கிடைத்தது. 1983 முதல் 2001 வரை 296 ஆட்டங்கள் ஆடி, லைனின் ஐந்து இடங்களிலும் நின்ற புரூஸ் மேத்யூஸுக்கு அவருடைய வாழ்வு முழுவதற்குமான அத்தகைய எண் இல்லை, ஏனெனில் ஸ்னாப் கணக்கு 1999 முதலே வைக்கப்படுகிறது. பிட்ஸ்பர்க் சென்டர் மைக் வெப்ஸ்டருக்கும் இல்லை. நான்கு சூப்பர் பவுல்களை வென்று, 17 பருவங்கள் ஆடி, 2002இல் தம் 50ஆம் வயதில் இறந்த அவருடைய மூளையில்தான், தொடர் தலையடிகளால் வரும் சி.டி.இ. நோயை டாக்டர் பென்னட் ஒமாலு கண்டறிந்தார். அவர் எத்தனை முறை குனிந்து மோதினார் என்பதை யாரும் எண்ணி வைக்கவில்லை. ஒரு சென்டரின் வாழ்வை எழுதும்போது அந்த மோதல்களுக்கும் அதில் இடம் வேண்டும்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது இதுதான். இறுதிச் சுற்றுக்கு வரும் ஒவ்வொரு லைன்மேனுக்கும், கிடைக்கும் ஆட்டப் படச்சுருள்களை முன்னாள் லைன்மேன்களையும் லைன் பயிற்சியாளர்களையும் கொண்டு பார்வையிடச் செய்து, அவர் எந்தெந்த இடங்களில் ஆடினார், யார் யாரை எதிர்கொண்டார், எத்தனை சாக்குகளுக்கு இடம்கொடுத்தார், அவர் பக்கமாக எத்தனை கெஜம் ஓடப்பட்டது என்பதைத் தொகுத்து, வாக்கெடுப்புக்கு முன்பே வெளியிடுங்கள். அவரை எதிர்த்து ஆடியவர்களின் எழுத்துமூலச் சாட்சியத்தையும் அதில் சேருங்கள். லைன்மேன்களுக்கென்றே ஓர் ஆண்டு விருதை லீக் 2025இல் அறிவித்தது நல்ல தொடக்கம். ஆயினும் அது இனி ஆடப்போகிறவர்களுக்கே பயன்படும். ஆடி முடித்தவர்களின் கணக்கை நேர்செய்யும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. ஜேக்கபியின் பெயரையும் ஆண்டர்சனின் பெயரையும் அடுத்த முறை விவாதிக்கும்போது, புரோ பவுல் எண்ணிக்கைக்கு முன்பாக இந்தத் தொகுப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அமெரிக்கக் கால்பந்தின் தமிழ் ரசிகன்