அம்மாவை மலையேற்றியவர்களுக்கு

எங்கள் பக்கத்தில் நன்றி நவிலல் என்றால் ஒருவர் இறந்த 31ஆம் நாளுக்கு அச்சடிப்பது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அம்மா நலமாக இருக்கிறார். கெண்டைக்கால் நோ மட்டும் இன்னும் போகவில்லை. இலங்கை மலைநாட்டில் யாத்திரிகர் ஏறும் சிவனொளிபாதமலை ஏறிச் சூரிய உதயம் பார்த்துவிட்டுக் கிளிநொச்சிக்குத் திரும்பிய நாளிலிருந்து, "ஒருவரையும் விடாமல் நன்றி எழுது" என்று நச்சரிக்கிறார். பாதிப் பேரின் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டோம் என்பதுதான் சிக்கல்.

அம்மா பிறந்தது மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்றால் மலை தெரியுமாம். டிசம்பர் போயாவுக்கு, அதாவது பௌர்ணமிக்கு, தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை நீளும் சீசன் இரவுகளில் அடியிலிருந்து உச்சிவரை விளக்குகள் சரமாக எரியுமாம். ஊர் ஊராக ஆட்கள் வந்து ஏறிய மலையில், அதன் காலடியில் கொழுந்து பறித்த குடும்பம் ஒருமுறையும் ஏறவில்லை. "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பாராம் தாத்தா. தமிழருக்கு எதிரான 1977 வன்செயலோடு அந்த அடுத்த வருஷமும் போயிற்று. பதினேழு வயதில் அம்மா வன்னிக்கு வந்தார். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் காடும் வயலும்; மேடு என்றால் குளக்கட்டுத்தான்.

அந்தக் குளக்கட்டில்தான் எங்கள் மலையேற்றம் தொடங்கியது. முழங்கால் தேய்ந்த அறுபத்தைந்து வயதுக்காரியை மலைக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டபோது சிரிக்காத ஒரே ஆள் அந்த இயன்மருத்துவர் தங்கை. "படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில்" என்று சொல்லிக்கொடுத்தார். இரண்டு மாதம், விடியுமுன் இரணைமடுக் கட்டின் சரிவில் அம்மா அதை முணுமுணுத்தபடி ஏறி இறங்கினார். மீன்பிடிக்கப் போகிறவர்கள் மந்திரம் சொல்கிறார் என்றே நினைத்திருப்பார்கள். தங்கை, அந்த மந்திரம் பலித்தது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அத்தானுக்கும்: காலபோக நெல்லை முற்றத்தில் பரப்பியபடி விட்டுப் போனோம். மழை இருட்டியபோது உங்கள் நெல்லுக்கு முன் எங்கள் நெல்லை அள்ளி மூடினீர்கள் என்று வந்துதான் அறிந்தோம். கனடாக் குளிருக்கென்று மகன் வாங்கிய ஜாக்கெட்டைத் தந்ததும் நீங்கள்தான். அது இல்லாவிட்டால் உச்சியில் அம்மாவின் பல் கிட்டியிருக்கும்.

வேன் ஓட்டிய தம்பிக்கு: ஏ-9 வீதியின் மறுமுனை கண்டி என்று பலகையில் பார்த்திருந்தாலும், அதுவரை போனது எங்களில் பலருக்கு அதுதான் முதல்தடவை. நாவலப்பிட்டி தாண்டியதும் தொடங்கிய வளைவுகளில் நான்கு இடத்தில் நிறுத்தினாய், ஒருமுறையும் முகம் சுளிக்கவில்லை. வேனை நாங்களே கழுவியிருக்க வேண்டும்.

நல்லதண்ணியில் படுக்க இடம் தந்த குடும்பத்தாருக்கு நன்றி சொன்னால் கோபிப்பார்கள். அம்மாவின் பெரியப்பா பெயரைச் சொன்னதும் அடுப்பு மூட்டியவர்கள் அவர்கள்.

இரவு ஒரு மணிக்கு ஏறத் தொடங்கினோம். மலை 2,243 மீற்றர் உயரம். படிகள் ஐயாயிரத்துக்கு மேல். பாதி வழியில் அம்மாவின் செருப்பு வார் அறுந்தது. படியோரத் தேநீர்க் கடை அம்மா, கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு, சாக்குத் தைக்கும் ஊசியும் நைலோன் நூலும் எடுத்து மண்ணெண்ணெய் விளக்கடியில் குந்தியிருந்து தைத்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, வாரை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். அதற்கும் காசு வாங்கவில்லை, தேநீருக்கும் வாங்கவில்லை. "நீங்களும் தோட்டத்து ஆள்தானே" என்றார். அம்மாவின் பேச்சில் இத்தனை வருஷ வன்னிக்குப் பிறகும் அது எங்கே ஒட்டிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

வயதான தாயை இந்தக் குளிரில் இழுத்துவந்தாயே, புத்தியில்லையா என்று என்னைத் திட்டிய பெரியவருக்கும் நன்றி. அவர் சொன்னதில் பிழையில்லை.

கடைசிப் படிகள் செங்குத்து. கம்பியைப் பிடித்து அம்மா நின்றுவிட்டார். குருணாகலிலிருந்து வந்த இரண்டு சிங்களப் பெடியன்கள், "அம்மே, ஹிமின்" (அம்மா, மெதுவாக) என்று ஒருவன் முன்னும் ஒருவன் பின்னுமாக வந்தார்கள். பத்துப் படிக்கு ஒரு நிறுத்தம். அவர்களுடைய கூட்டாளிகள் எப்போதோ மேலே போய்விட்டார்கள். இந்த இருவரும் உதயத்தைத் தவறவிடப் போகிறார்களே என்று எனக்குத்தான் பதற்றம். தவறவிடவில்லை, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு அப்போதுதான் சிவந்துகொண்டிருந்தது.

ஆறு மணி கழிந்து சூரியன் எழுந்தது. கூட்டம் கும்பிட்டது, ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த பெயரைச் சொல்லி. உடனே எல்லோரும் மேற்குப் பக்கம் ஓடினார்கள். மலையின் நிழல் முக்கோணமாகப் பனிமூட்டத்தின்மேல் விழுவதைப் பார்க்க. நானும் ஓடினேன். அம்மா வரவில்லை. திரும்பி வந்தபோதும் அதே கம்பியைப் பிடித்தபடி கீழே மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய மஸ்கெலியா நகரம் அந்தத் தண்ணீருக்குள் கிடக்கிறது; நீர் வற்றும் காலங்களில் பழைய கோயிலின் இடிபாடு வெளியே தெரியும். அந்தக் கோயில் திருவிழாவில் தாத்தாவின் தோளில் இருந்தது அம்மாவுக்கு நினைவிருக்கிறது. "எங்கள் லயம் அந்த வளைவுக்கு மேலே" என்று விரலை நீட்டினார். எனக்குத் தேயிலைப் பச்சை மட்டும்தான் தெரிந்தது.

எத்தனை தரம் ஏறினாயோ அத்தனை தரம் மணியடிக்க வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். அம்மா ஒருதரம் அடித்தார். இரண்டாவது தரம் கயிற்றைத் தொட்டுவிட்டு, தாத்தாவுக்காக அடிக்கலாமா என்று கேட்டார். பெடியன்களிடம் கேட்டேன். அடிக்கச் சொன்னார்கள்.

கடைசியாக ஒன்று. தேநீர்க் கடை அம்மாவுக்கென்று மொட்டைக்கறுப்பன் அரிசி ஐந்து கிலோவும் ஒடியலும் (காயவைத்த பனங்கிழங்கும்) கட்டி வைத்திருக்கிறோம். ஏறும்போது வலக்கைப் பக்கம், நீலத் தறப்பாள் போட்ட கடை. இந்தச் சீசன் முடிவதற்குள் வன்னியிலிருந்து யாராவது மலைக்குப் போவதென்றால் வீட்டுக்கு வந்து பொதியை எடுத்துச் செல்லுங்கள். அவருடைய பெயரையும் கேட்டு வாருங்கள்.