பல்பொடி டப்பாவுக்கும் கேரட் லாரிக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். போட்டி முடிஞ்சு மேல வந்து பத்து நாளாச்சு. ஒவ்வொருத்தரையா நேர்ல பாத்து சொல்லணும்னுதான் நெனச்சோம், ஆனா மழை விடல, அதுவும் போக நீங்க ஆளுக்கொரு மூலைல இருக்கீங்க, கேத்தில ஒருத்தர் கோத்தகிரில ஒருத்தர் மேட்டுப்பாளையத்துல ஒருத்தர்னு, அதனால இங்கயே எழுதிடறேன், கோவிச்சுக்காதீங்க.

விஷயம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. குன்னூர்ல நாங்க அஞ்சு பேரு சேந்து ஒரு மூணு சக்கர வண்டி கட்டினோம், ஒரு ஆளு அதுக்குள்ள படுத்துக்கிட்டு ஓட்டணும். ஸ்பீடுக்கெல்லாம் மார்க் கெடையாது. செட்டிப்பாளையம் கரி ட்ராக்ல 5 ரவுண்டு, ஒரு ரவுண்டு 2.1 கிலோமீட்டர், 25 நிமிஷத்துக்குள்ள முடிச்சுட்டு வந்து நின்னா எத்தன மில்லி பெட்ரோல் குடிச்சிருக்குன்னு அளப்பாங்க, அவ்ளோதான். 1939ல அமெரிக்காவுல ஷெல் கம்பெனி ஆராய்ச்சிக்காரங்க யாரு வண்டி கொஞ்ச எண்ணெய்ல ரொம்ப தூரம் போகும்னு பெட்டு கட்டினதுல ஆரம்பிச்ச பழக்கம், இப்ப உலகம் பூரா பசங்க இதே வேலையா திரியறாங்க.

மொதல்ல இன்ஜின் குடுத்த தேயிலைத் தோட்டத்து அண்ணனுக்கு. புல்லு வெட்டுற பிரஷ் கட்டர், ஹோண்டா 35.8 சிசி ஃபோர் ஸ்ட்ரோக், தண்டு வளைஞ்சுபோய் மூலைல கெடந்துச்சு. வெல என்னண்ணான்னு கேட்டதுக்கு "ஓடுனா காசு குடுங்க, ஓடலைன்னா திருப்பிக் குடுங்க"ன்னுட்டாரு. ஓடிருச்சுண்ணா. காசு இன்னும் குடுக்கல, மறக்கல.

அப்புறம் டீ ஃபேக்டரி லேத் அண்ணன். தேயிலைய நசுக்கற சிடிசி ரோலர்ல பல்லு வெட்டுற கை அது, எங்க சக்கரத்து ஹப்பெல்லாம் அவருக்கு வெளையாட்டு மாதிரி. நாங்க எடுத்துட்டுப் போன ஆக்ஸில கையில வாங்கி ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு "இத யாரு கடைஞ்சது"ன்னாரு, நான்தான்னு சொல்ல வாய் வரல. புதுசா கடைஞ்சு குடுத்ததோட நிக்காம பேரிங்ல இருந்த கிரீஸ் எல்லாத்தையும் வழிச்சுப் போட்டு ரெண்டு சொட்டு மெல்லிசு ஆயில் விடச் சொன்னாரு. கிரீஸ் இருந்தப்ப சக்கரத்த கையால தட்டிவிட்டா நாப்பது செகண்டு சுத்தும், அதுக்கப்புறம் டீ குடிச்சுட்டு வந்து பாத்தாலும் சுத்திக்கிட்டு இருந்துச்சு (சின்ன டம்ளர் டீதான், இருந்தாலும்).

பாடி கதைதான் பெரிய கதை. ஃபைபர் ரெசின் ஊத்தினது டிசம்பர்ல. எங்களுக்கெல்லாம் என்ன அறிவு பாருங்க. ராத்திரி குளிரு, காலைல மூடுபனி, மூணு நாளாகியும் ரெசின் பிசுபிசுன்னு அல்வா மாதிரியே இருக்கு, அத கெட்டியாக்கற ஹார்ட்னர கூட்டிப் பாத்தோம், ஒரு எடத்துல வெடிப்பு விட்டுச்சு, மிச்ச எடத்துல அதே அல்வா. டீ ஃபேக்டரில டிரையர் பக்கத்துல சூடா இருக்குமேன்னு கேட்டோம், மேனேஜர் சார் கையெடுத்துக் கும்பிட்டாரு, தேயிலை எந்த வாசனைய பக்கத்துல வெச்சாலும் இழுத்துக்கும், அந்த ரெசின் நாத்தம் ஏறிச்சுன்னா ஒரு லாட்டே போச்சுன்னாரு, நியாயம்தான். வர்க்கி சுடுற பேக்கரில கேக்க வாயெடுத்தோம், கேக்காமலே திரும்பி வந்துட்டோம். கடைசில கோத்தகிரி பூ அக்காதான் காப்பாத்துனாங்க. கார்னேஷன் எடுத்து முடிச்சு அடுத்த நடவு வரைக்கும் அவங்க பாலிஹவுஸ், அதாவது பிளாஸ்டிக் ஷீட்டு போத்துன பூக்கொட்டாய், ஒண்ணு காலியா இருந்துச்சு, வெளிய ஸ்வெட்டர் போட்டு நிக்கறோம், உள்ள மத்தியான வெயிலுக்கு வேர்த்து ஊத்துது. நாலே நாள்ல பாடி தட்டுனா டங்குன்னு சத்தம் குடுத்துச்சு. அக்கா, உங்க தார்ப்பாய் ஒண்ணு எங்ககிட்டதான் இருக்கு, அதுல ரெசின் கொட்டிருச்சு, புதுசு வாங்கித் தர்றோம்.

ஸ்பான்சர் தர்றேன்னு ரெண்டு மாசம் அலைய விட்டவங்களப் பத்தி இங்க எழுதப் போறதில்ல. ட்ரில் மெஷின் மோட்டாரக் கழட்டி ஸ்டார்ட்டரா மாத்திக் குடுத்த எலக்ட்ரீசியன் தம்பிக்கும், ஞாயித்துக்கெழமைல கிரவுண்ட தொறந்து விட்ட ஹெட்மாஸ்டர் அய்யாவுக்கும், எங்க டிரைவர் தங்கச்சி 47 கிலோதான், ரூல்படி 50 வேணும்னதும் மூணு கிலோ மணல் புடிக்கற மாதிரி பை தெச்சுக் குடுத்த டெய்லர் பாய்க்கும் ரொம்ப நன்றி. பிரேக் டெஸ்டுக்கு மட்டும் யாரு தயவும் தேவப்படல, நூத்துக்கு இருவது சரிவுல வண்டி நகராம நிக்கணும்னு ரூலு, குன்னூர்ல எந்த சந்துல திரும்பினாலும் அது இருக்கு. சமமான ரோடுதான் கெடைக்காது.

கேத்தி லாரி அண்ணே, உங்களுக்கு தனியா சொல்லணும். சீசன் டைம், ஒன் வே, கோத்தகிரி வழியாத்தான் எறங்கணும், நீங்க கேரட் மூட்டைக்கு நடுவுல எங்க வண்டிய மெத்தைல வெச்ச மாதிரி வெச்சு ஒரு கீறல் இல்லாம எறக்குனீங்க. வழில நாங்க பர்ன் அண்ட் கோஸ்ட் பத்தி பெருமையா சொல்லிட்டு வந்தோம், இன்ஜின போட்டு வேகத்த முப்பது கிலோமீட்டர் வரைக்கும் ஏத்திட்டு ஆஃப் பண்ணி உருள விடணும், வேகம் எறங்கினதும் மறுபடி போடணும்னு. நீங்க சிரிச்சீங்க. "மலைல இப்படி ஆஃப் பண்ணி எறக்குனா பிரேக் ஏர் தீந்து பள்ளத்துல கெடப்போம், அங்க போனா அதுக்குத்தான் பரிசா?" ஆனா அப்புறம் நீங்க சொன்னதுதான் தங்கச்சி ட்ராக்ல செஞ்சது, வளைவுக்கு முன்னாடி பிரேக்க தொடற மாதிரி வந்தா அது முன்னாடியே வீணாப்போன எண்ணெய்னு. சுவிட்சர்லாந்துல ஜூரிக் பசங்க வண்டி 2005ல, அது ஹைட்ரஜன்ல ஓடினது, பெட்ரோல் கணக்குக்கு மாத்தினா லிட்டருக்கு 5,385 கிலோமீட்டர்னு சொன்னப்ப "அப்ப ஒரு லிட்டர்ல காசிக்குப் போய்ட்டு ஊருக்கே வந்துரலாம்"னீங்க பாருங்க, அது இப்ப எங்க ஷெட்டு செவுத்துல எழுதியிருக்கு.

மொத நாள் ட்ராக்ல மானம் போச்சு. மூணாவது ரவுண்டுல இன்ஜின் டப் டப்னு வெடிச்சு, தொட முடியாத சூட்டுல நின்னுருச்சு. தள்ளிக்கிட்டு வந்தோம், பிளக்க மாத்தினோம், பெட்ரோல்ல தண்ணியோன்னு சந்தேகப்பட்டோம், எங்களுக்குள்ள சண்ட வேற. ராத்திரி ஒம்பது மணிக்கு மேட்டுப்பாளையம் மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டா, நான் பாதி சொல்லி முடிக்கல, "ஊட்டி டியூனிங்கோட கீழ வந்துட்டீங்களா?"ன்னாரு. அவ்ளோதான் மேட்டர். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் ஒசரம், கடல் மட்டத்த விட காத்து ஆறுல ஒரு பங்கு கம்மி, அந்தக் காத்துக்கு ஏத்த மாதிரி கார்ப்பரேட்டர்ல சின்ன ஜெட்டு (பெட்ரோல அளந்து விடற ஓட்டை வெச்ச திருகு) போட்டு மைலேஜ் சூப்பர்னு குதிச்சிருக்கோம், கீழ காத்து கனம், அதே ஜெட்டுல பெட்ரோல் பத்தல, லீனாகி வெந்துருச்சு. மல ஏறுற டூ வீலர் தெனமும் அவரு கட வாசல்ல நிக்குது, அவருக்கு இது அரிச்சுவடி. நாங்க அஞ்சு பேரும் இன்ஜினியரிங்னு வெளிய சொல்லிக்காதீங்கப்பா.

விடிகாலைல அம்பது கிலோமீட்டர் பைக் ஓட்டிட்டு ஆறு மணிக்கு கேட்ல நிக்கறாரு, கையில பழைய கோபால் பல்பொடி டப்பா, தொறந்தா உள்ள பூரா ஜெட்டு. மூணு போட்டுப் பாத்து, பிளக்க கழட்டி நெறம் பாத்து, நாலாவதுல "இது போதும்"னாரு. டீ கூட குடிக்கல, கட தொறக்கணும்னு கெளம்பிட்டாரு.

94 மில்லி. லிட்டருக்கு சுமார் 112 கிலோமீட்டர். ஜெயிச்சவங்க எங்களுக்கு ரொம்ப மேல, நாங்க பாதிக்குக் கீழ. ஆனா ரிசல்ட் பேப்பர்ல எங்க வண்டி நம்பருக்கு நேரா, முடிக்காதவங்களுக்குப் போடற கோடு இல்லாம ஒரு எண்ணு இருந்துச்சு, தங்கச்சி அத அஞ்சு தடவ போட்டோ எடுத்தா.

அண்ணே, பல்பொடி டப்பா எங்கிட்டதான் இருக்கு. அடுத்த வாரம் எறங்கறப்ப கொண்டாந்து தர்றேன். எண்ணிப் பாத்தீங்கன்னா ஒரு ஜெட்டு கொறையும், அது வண்டிலயே இருக்கு, கழட்ட மனசு வரல.