சாந்திக்கு, ஆட்டுப் பண்ணை பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள சாந்திக்கு,

உன் செய்தி வந்து பத்து நாள் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே ஒரே வாரத்தில் இரண்டு ஆடு குட்டி போட்டது. அதில் ஒன்று மூன்று குட்டி. மூன்றாவது குட்டிக்குப் பால் எட்டவில்லை, ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்து புட்டியில் கொடுத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. இப்போது அதுவும் மற்றதுகளோடு சேர்ந்து திண்ணையில் ஏறிக் குதிக்கிறது. பெரியவன் பத்தாவது எழுதப் போகிறான். அத்தைக்கு முட்டிவலி, மற்றபடி நன்றாக இருக்கிறார்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டுக்கார அண்ணன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வேப்பனப்பள்ளிப் பக்கத்து நிலத்தில் நூறு ஆட்டோடு பண்ணை போடலாம் என்கிறார், பாதி மானியம் கிடைக்குமாம், என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தாய். நூறு இப்போது வேண்டாம். ஐந்து பெட்டையோடு தொடங்குங்கள், அதற்கும் முன்னால் நீ பயிற்சிக்குப் போ. அண்ணன் மட்டும் போனால் போதாது, நீ போக வேண்டும். ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

2011-இல் விலையில்லா ஆடு கொடுக்கும் திட்டம் தொடங்கியதே, நினைவிருக்கிறதா? எங்கள் ஊருக்கு அது வந்தபோது அத்தை பெயருக்கு நான்கு ஆடு கிடைத்தது. அது பெருகிப் பதினான்கு ஆனது. அப்புறம் ஒரு ஐப்பசி மழையில் முதலில் ஒன்றுக்கு மூக்கு ஒழுகியது, கண்ணில் பீளை, வாயெல்லாம் புண், அதன்பின் தண்ணீராகக் கழிச்சல். பன்னிரண்டு நாளில் ஒன்பது ஆடு போய்விட்டது. சளி என்று நினைத்து மிளகும் வெற்றிலையும் அரைத்துக் கொடுத்தோம், முனியப்பனுக்கு நேர்ந்துகொண்டோம். அத்தை ஒவ்வொன்றையும் புதைக்கும்போது தன் கையாலேயே மண் தள்ளினார். ஊரில் யாருக்கும் அதன் பெயர் தெரியவில்லை.

தருமபுரி குண்டலப்பட்டியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே மூன்று நாள் வெள்ளாடு வளர்ப்புப் பயிற்சிக்குப் போனபோதுதான் அந்த நோயின் பெயர் ஆட்டுக்கொல்லி என்று தெரிந்தது. நம் நாட்டில் அதை முதன்முதலில் கண்டறிந்ததே 1987-இல் விழுப்புரம் பக்கத்து அரசூரில்தானாம். மாடுகளை அழித்த வெக்கை நோயின் கிருமிக்கு இது பங்காளி. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, சாந்தி. ஒரு முறை போட்டால் சுமார் மூன்று வருடம் தாங்கும். அரசூரில் எடுத்த கிருமியை வைத்தே நம் பல்கலைக்கழகத்தில் ஒரு தடுப்பூசி செய்திருக்கிறார்கள். அன்று மதியம் சோறு இறங்கவில்லை எனக்கு. அரூரிலிருந்து அரசூர் அப்படி என்ன தூரம்? அந்த ஊர் ஆட்டிலிருந்து எடுத்துச் செய்த மருந்து எங்கள் பட்டிக்கு வந்து சேராமல் ஒன்பது ஆடு செத்தது என்றால், நடுவில் அறுந்து கிடந்தது எது? சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது எங்கள் தெருவில் யாரும் ஊசியைத் தவறவிடுவதில்லை. குட்டிக்கு மூன்று நான்கு மாதம் ஆன பிறகுதான் போட வேண்டும், அதற்கு முன்னால் தாய் கொடுத்த எதிர்ப்பு சக்தியே ஊசியை வேலை செய்ய விடாது. மருந்து ஐஸ் பெட்டியில் வரும், கலக்கிவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் விடிந்ததும் எல்லார் ஆட்டையும் பள்ளிக்கூடத் திடலில் பிடித்துவந்து கட்டிவிடுவோம். வெயில் ஏறிய பின் ஆளுக்கொரு நேரத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துவந்தால் பாதி மருந்து வீண். இந்தக் காரணம் தெரிந்ததிலிருந்து பெண்கள் நேரத்துக்கு வருகிறார்கள். முன்பெல்லாம் 'வரச் சொன்னார்கள்' என்று மட்டும் தெரியும், யாரும் வரமாட்டோம்.

குட்டிச் சாவு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு ரொம்ப உறுத்திய விஷயம் அது. சீம்பால் குடித்தால் குட்டிக்குக் கழியும் என்று காலங்காலமாகக் கறந்து கீழே ஊற்றிக்கொண்டிருந்தோம். ஆட்டின் வயிற்றுக்குள் இருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்பு குட்டிக்கு வருவதில்லையாம், பிறந்த பிறகு சீம்பால் வழியாக மட்டும்தான் வரும். அதுவும் பிறந்த முதல் சில மணி நேரத்தில் குடித்தால்தான் உடம்பில் ஏறும். இந்த ஒரு விஷயத்தை என் கல்யாணத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் எத்தனை குட்டி பிழைத்திருக்கும் என்று எண்ணி எண்ணிப் பார்த்திருக்கிறேன். இப்போது குட்டி விழுந்ததும் வாய் மூக்கைத் துடைத்து, தொப்புளை அறுத்து அயோடின் தொட்டு, அரை மணிக்குள் மடியில் வாய் வைக்கவிடுகிறேன். போன வருடம் பதினோரு குட்டியில் ஒன்றுதான் போனது, அதுவும் நாய் கடித்து.

குடற்புழு விஷயத்தில் நானும் தப்பு செய்திருக்கிறேன். கடையில் கொடுத்த ஒரே மருந்தை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எல்லா ஆட்டுக்கும் ஒரு மூடி அளவு ஊற்றிவிடுவேன், அப்படியும் ஆடு மெலிந்தது, தாடைக்குக் கீழே நீர் கோத்தது. பயிற்சியில் சொன்னார்கள், எடைக்குக் குறைவாகக் கொடுத்தால் சாகாமல் தப்பிய புழுதான் பெருகும், கொஞ்ச நாளில் அந்த மருந்தே பலிக்காது என்று. செம்மறிக்குக் கொடுக்கும் அளவும் வெள்ளாட்டுக்குப் போதாதாம், வெள்ளாட்டு உடம்பு மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடும். சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுக்கவே கூடாது, குட்டி ஊனமாகலாம். அப்புறம் கண் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். கீழ் இமையை விரலால் இறக்கி உள்பக்கத்தைப் பார். ரத்தச் சிவப்பாக இருந்தால் மருந்து வேண்டாம், வெளுத்திருந்தால் புழு ரத்தத்தை உறிஞ்சுகிறது, உடனே கொடுக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் ஆராய்ச்சி செய்து ஐந்து நிற அட்டையாகப் போட்டு வைத்திருக்கிறார்களாம். அத்தை எழுத்துப் படிக்காதவர், இப்போது என்னைவிட நன்றாகக் கண் பார்க்கிறார். பனி காயாமல் ஆட்டை ஓட்ட விடமாட்டார், ஈரப் புல் நுனியில்தான் புழுக்குஞ்சு ஏறி நிற்கும் என்று பக்கத்து வீட்டுக்காரிக்கும் பாடம் எடுக்கிறார்.

இந்தப் பக்கம் மரவள்ளி அதிகம், உனக்குத் தெரியும். கிழங்கு பிடுங்கும் நேரத்தில் தழை கொட்டிக் கிடக்கும், பச்சையாக வயிறு முட்டத் தின்ற ஆடு ஒரு மணி நேரத்தில் நுரை தள்ளிச் செத்துவிடும். 'ஏவல்' என்றுகூடச் சொல்வார்கள். இலைக்குள் இருக்கும் சயனைடு நஞ்சுதான் காரணம், இளம் சோளத்திலும் தண்ணீர் இல்லாமல் வாடி மறுபடி துளிர்த்த சோளத்திலும் இதே நஞ்சு உண்டு. மரவள்ளித் தழையை வெட்டி வெயிலில் நன்றாக உலர்த்திக் கொடுத்தால் நஞ்சு பெரும்பாலும் இறங்கிவிடுகிறது, நல்ல புரதத் தீவனமாகவும் ஆகிறது. கோடையில் எனக்கு இது பெரிய உதவி. தின்றுவிட்ட ஆட்டுக்கு நஞ்சை முறிக்கும் ஊசி உண்டு, ஆனால் நேரம் மிகக் குறைவு, கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை பார்க்க வேண்டும்.

கிடா விஷயம். எங்கள் ஊரில் முனியப்பனுக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்று மூன்று நான்கு வருடம் தெருவில் திரியும், அதுவேதான் எல்லாப் பெட்டைக்கும் சேரும், தன் குட்டிக்கே சேரும். சாமி கிடாவை யார் விரட்டுவது? பிறந்த குட்டி வருடா வருடம் சிறுத்தது. இப்போது பக்கத்து ஊர்க்காரர்களோடு பேசி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கிடாவை மாற்றிக்கொள்கிறோம். சாமிக்கு நேர்ந்ததைத் தனியாகக் கட்டிப்போடுகிறோம், முனியப்பன் ஒன்றும் சொல்லவில்லை. நான் வைத்திருப்பது நம்ம சேலம் கருப்பு. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆடு, தனி இனமாக அரசு பதிவும் செய்திருக்கிறது. உயரமான கால், எட்டி எட்டித் தழை கடிக்கும், நம் வறட்சிக்குப் பழகியது. வீடியோ பார்த்துவிட்டு போயர், தலைச்சேரி மாதிரி வெளி இன ஆடு வேண்டும் என்று அண்ணன் ஆசைப்படலாம். முதல் இரண்டு வருடம் இந்த மண்ணுக்குப் பழகிய ஆட்டோடு கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான் என் எண்ணம்.

விற்பனை. போன வருடம் ஒரு கிடாக்குட்டியைப் பார்த்து வீட்டுக்கு வந்த வியாபாரி 'ஐந்து கிலோ கறி தேறும்' என்றார். பயிற்சி முடித்த நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு தொங்கு தராசு வாங்கி வைத்திருக்கிறோம். தூக்கி மாட்டினால் பதினான்கு கிலோ. உயிர் எடையில் கிட்டத்தட்டப் பாதி கறி. ஆக, அவர் சொன்னதைவிட ஒன்றரைக் கிலோவுக்கு மேல் அதிகம், அந்தக் காசு ஒரு குட்டியில் மட்டும். சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் விலையில் நமக்கு இடமே இருந்ததில்லை. எடை தெரிந்த பிறகு நானே குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய் நின்று பேசி விற்றுவிட்டு வந்தேன். மகனின் பள்ளிக் கட்டணம் அந்த ஒரு நாளில் முடிந்தது.

இனி அந்த நூறு ஆட்டுக் கணக்கு. தேசிய கால்நடை இயக்கத்தில் நூறு பெட்டையும் ஐந்து கிடாவும் வைத்தால் செலவில் பாதி, 10 லட்சம் வரை மானியம் என்பது உண்மைதான். மீதியைப் பெரும்பாலும் வங்கிக் கடனாக வாங்க வேண்டியிருக்கும். ஒரு பெரிய ஆடு ஒரு நாளைக்கு மூன்று நான்கு கிலோ பசுந்தீவனம் தின்னும். நூறுக்கு முந்நூறு நானூறு கிலோ, தினமும், பங்குனி சித்திரையிலும். வேப்பனப்பள்ளியில் உங்கள் போர்வெல்லில் அப்போது தண்ணீர் எத்தனை நேரம் வரும்? முதலில் வேலிமசால், அகத்தி, கோ எஃப்எஸ் 29 சோளம் இதெல்லாம் நட்டு ஒரு வருடம் அறுத்துப் பாருங்கள். தீவனம் நிற்கட்டும், அப்புறம் ஆடு வரட்டும்.

நீ ஏன் போக வேண்டும் என்றேனே, என்னோடு பயிற்சிக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் ஆண்கள். அதில் நிறையப் பேர் வீட்டில் ஆட்டைப் பிடிப்பது மனைவிதான். சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்கள், கேட்டதை வீட்டில் சொன்னார்களா என்றால் சந்தேகம். ஆட்டுக்குக் கண் வெளுத்திருக்கிறதா என்று பார்க்கப்போவது காலையில் பட்டியைத் திறக்கிற கைதானே? காலை பத்து மணிக்குத் தருமபுரியில் இரு என்றால், ஆட்டை யார் ஓட்டுவது என்று பெண்கள் நின்றுவிடுகிறார்கள். நான் போனதற்கு அந்த மூன்று நாளும் அத்தை ஆடு மேய்த்ததுதான் காரணம். ஆராய்ச்சிக்குப் போடுகிற பணத்தில் கொஞ்சம் எடுத்து இந்தப் பயிற்சியை ஊருக்குள்ளேயே, மரத்தடியில், ஆட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு நடத்தினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று கேட்கிற இடத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு முறை பத்துப் பெண்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கேட்டோம், வந்தார்கள், ஒரு பகல் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றைக்கு வந்தவர்கள் வீட்டில் இப்போது யாரும் சீம்பாலைக் கொட்டுவதில்லை.

உங்கள் பக்கம் எலுமிச்சங்கிரியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, ஓசூரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். அடுத்த ஆட்டுப் பயிற்சி எப்போது என்று நேரில் போய்க் கேட்டுப் பெயர் கொடுத்துவிட்டு வா. அதை முடித்துவிட்டு ஒரு வாரம் என்னோடு வந்து இரு, அண்ணனையும் கூட்டிக்கொண்டு வா. கார்த்திகைக் கடைசியில் என் மூத்த கருப்பி குட்டி போடும் என்று கணக்கு, ஆனியில் சினை பிடித்தது, ஐந்து மாதம். அந்த நேரத்தில் வந்தால் தொப்புள் அறுப்பதை உன் கையாலேயே செய்து பார்க்கலாம். அயோடின் பாட்டில் ஒன்று ஓசூரிலிருந்து வாங்கி வா, இங்கே தீர்ந்துவிட்டது.

அன்புடன்,
உன் மாதம்மா
அரூர்