விழுந்தவர்களைச் சிரிக்கலாமா?

ஐயா, தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான நுவானு போர் பற்றிய நகைச்சுவைக் கட்டுரை, 1795இல் ஹவாயின் ஓவாஹு தீவில் படையெடுத்து வந்த மன்னர் கமேஹமேஹாவின் படை துரத்த, அத்தீவின் மன்னர் கலனிகுபுலேயின் வீரர்கள் பாலி செங்குத்துப் பாறையிலிருந்து விழுந்து மடிந்ததைச் சறுக்குமர விளையாட்டுபோலச் சித்திரித்திருந்தது மனத்தை வருத்தியது. போரைப் பற்றிச் சிரிக்கவே கூடாது என்பதல்ல என் வாதம். தலைவர்களின் பேராசையையும், கமேஹமேஹாவை விட்டுத் தன் படையோடு கட்சி மாறிய தளபதி கையானாவின் கணக்குகளையும் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம், பின்வாங்க இடமின்றி விளிம்பில் நின்றவர்களை அல்ல.

ஹவாய் மக்கள் அப்போரை ‘கலெலெகா அனாயே’, அதாவது மடவை மீன்களின் துள்ளல் என்று அழைக்கிறார்கள். வலையிலிருந்து கரையில் கொட்டிய மடவை துடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் வலி புரியும். சில ஆண்டுகளுக்கு முன் அங்குள்ள பார்வை மேடையில், காற்று என் தொப்பியைப் பறித்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓடிய பேரன், தடுப்புச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்ததும் பேச்சற்று என் கையைப் பற்றிக்கொண்டான். 1890களின் இறுதியில் அங்கு சாலை அமைத்தபோது நூற்றுக்கணக்கான மண்டையோடுகள் கிடைத்த செய்தியையும், இப்பெயரின் பொருளையும் சேர்த்து, அதே பக்கத்தில் ஒரு சிறு குறிப்பாவது வெளியிட வேண்டுகிறேன்.

– வாசகர், நாகர்கோவில்