கயலுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கயல்விழிக்கு,

அத்தை வீட்டுச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா? அவள் காரத்தை அள்ளிப் போடுவாள், உனக்கோ வயிறு தாங்காது. ஏழு மணி ஷிஃப்டுக்கு வெறும் மைலோவைக் குடித்துவிட்டு ஓடாதே. ஜூரோங் வெஸ்டிலிருந்து புவாங்கோக்குக்குத் தினமும் அலைய வேண்டாம், ஹவ்காங்கிலேயே தங்கு என்று சொன்னதே நான்தான். அதனால் உன்னைக் கண்ணில் காண முடியவில்லை என்று குறை சொல்ல எனக்கு வாயில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், என் போனில் எது கோளாறானாலும் தம்பிதான் வாங்கிச் சரிசெய்கிறான். அதனால்தான் காகிதம். அத்தையிடம் ஒட்டித்தான் கொடுக்கிறேன், பிரித்திருந்தால் சொல்லு.

நர்ஸிங் படிப்புக்காக முன்னால் ஆஸ்பத்திரிகளுக்குப் போன அட்டாச்மென்ட்டுகளில் எல்லாம் வீட்டுக்கு வந்தால் உன் வாய் ஓயாது. ட்ரிப், டிரெஸ்ஸிங், பெட்பேன் என்று சோற்றுக்கு முன்னாலேயே ஆரம்பிப்பாய், அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விடுவாள். மனநல ஆஸ்பத்திரியில் இந்த வார்டுக்குப் போனதிலிருந்து சத்தமே இல்லை. முதல் வாரம் மட்டும் கொஞ்சம் சொன்னாய். எல்லாம் பதின்ம வயதுப் பிள்ளைகள். காயத்துக்குக் கட்டுப் போடுகிற வேலை குறைவு. கூட உட்கார்ந்து ஊனோ சீட்டு ஆடுவதும் படம் வரைவதும் வெளியிலிருந்து பார்த்தால் சும்மா இருப்பது போலத் தெரியும், ஆனால் அதுதான் வேலை என்றாய். யார் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார்கள், யார் தூங்கவில்லை, நேற்றுவரை பேசிய பிள்ளை இன்றைக்கு ஏன் திரும்பிப் படுத்திருக்கிறது என்று பார்த்து ஸ்டாஃப் நர்ஸிடம் சொல்ல வேண்டும். ஹூடியில் கயிறு கூடாது, சார்ஜர் ஒயர் கூடாது, பேனாவைக்கூட எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். துறைமுகத்தில் நாங்கள் கன்டெய்னர் எண்ணுவதைவிட மோசமாக இருக்கிறதே என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

பேர், பள்ளிக்கூடம், எதையும் சொல்ல மாட்டேன் என்றாய். அது சரி. தேக்காவில் வைத்து செல்வம் அங்கிள் "நம்ம ஆளுங்க புள்ளைங்களும் இருக்கா?" என்று நைசாகக் கேட்டார். அவள் சொல்லக் கூடாது, நீங்களும் கேட்கக் கூடாது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். உன்னை நினைத்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

போன ஞாயிறு நீ வந்து போன பிறகு என் பிரஷர் மாத்திரையைத் தேடினேன். மருந்துப் பெட்டியில் பூட்டுத் தொங்குகிறது. அம்மா கைப்பையிலிருந்து சாவியை எடுத்துத் திறந்து, அன்றைக்கு உள்ள மாத்திரையை மட்டும் என் கையில் வைத்தாள். என்ன இது என்றேன். "கயல் சொன்னா" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அங்கே பழகிய பழக்கத்தில் இங்கேயும் செய்திருக்கலாம். அப்படியென்றால் அப்படியே சொல்லிவிடு, நானும் விட்டுவிடுகிறேன்.

ஃபிரிட்ஜில் 1767 என்று எழுதி ஒட்டியிருக்கிறாய். டவுன் கவுன்சில் நம்பராக்கும் என்று இருந்தேன். வேலையிடத்தில் ஒருவர்தான் சொன்னார், அது சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர், உயிரை விட நினைப்பவர்கள் கூப்பிடுகிற நம்பர், இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள் என்று. இதை நீயே எனக்குச் சொல்லியிருக்கலாம்.

தம்பி செப்பாக் தக்ரா ஆடுவதை விட்டுவிட்டான். ஓ லெவல் தேர்வு வருஷம், நேரமில்லை என்றான், நம்பினேன். நைட் ஷிஃப்ட் முடித்து விடியலில் வரும்போதும் அவன் அறையில் விளக்கு எரிகிறது. படிக்கிறான் என்று சந்தோஷப்பட்டேன். அரையாண்டுத் தேர்வையே 2023-இல் எல்லா வகுப்புக்கும் எடுத்துவிட்டார்கள், அப்புறம் இவனுக்கு என்ன அழுத்தம் என்று நான் கேட்டபோது உன் முகம் போன போக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

எங்களுக்கு வளர்ப்பு அப்படி. சோறு தின்ன அடம்பிடித்தாலே அப்பாயி "வுட்பிரிட்ஜுல கொண்டு போய் விட்டுருவேன்" என்பாள். இயோ சூ காங்கில் 1928-இல் கட்டிய மனநல ஆஸ்பத்திரி அது. 1993-இல் புவாங்கோக்குக்கு மாறி, மனநலக் கழகம் என்று ஆன பிறகும் எங்கள் வாயில் வுட்பிரிட்ஜ்தான். உயிரை விட முயன்றால் அதுவே குற்றம் என்று சட்டம் இருந்தது, 2020 ஜனவரி 1-இல்தான் அது போனது. ஒரு வீட்டில் ஏதாவது நடந்தால் வெளியே தெரியாமல் மூடுவதுதான் பிள்ளையைக் காப்பாற்றும் வழி என்று பழகியவர்கள் நாங்கள். உன் அம்மாவும்தான். அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அவள் மூடித்தான் வைப்பாள், கயல். அவளால் வேறென்ன முடியும்?

வார்டில் பார்த்ததைச் சொல்லாதே. வீட்டில் பார்த்ததைச் சொல்லு. அங்கே ஸ்டாஃப் நர்ஸ், உங்கள் டீச்சர் என்று உனக்கு மேலே ஆள் இருக்கிறார்கள், எதையும் தனியாகச் சுமக்காதே என்று முதல் நாளே சொன்னார்களாம், நீதான் சொன்னாய். வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்தப் பாடம் மறந்துவிடுமா? யாரிடமும் சொல்லாதே என்று தம்பி உன்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாலும், ஆபத்து என்றால் ரகசியம் காக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் உன் படிப்பில் இருப்பதுதானே.

தேசிய சேவைக்குப் போகும்போது இதெல்லாம் பதிவில் வருமா என்று ஒரு கேள்வி எனக்குள் ஓடியது. அதைக் கேட்க மாட்டேன், பயப்படாதே. அவனைத் திட்டவும் மாட்டேன். கதவைத் தட்டாமல் உள்ளே போகவும் மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. அத்தையிடம் காரத்தைக் குறைக்கச் சொல்லு, கூச்சப்படாதே.

வியாழக்கிழமை எனக்கு ஓய்வு. உன் ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு புவாங்கோக் எம்ஆர்டி வாசலில் நிற்கிறேன், பக்கத்தில் எங்காவது காப்பிக் கடையில் உட்கார்ந்து பேசலாம். அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வருவேன். தம்பியிடம் என்ன சொல்லிவிட்டு வருவது என்பதை மட்டும் புதன்கிழமைக்குள் எனக்குப் போன் பண்ணிச் சொல்லு.

அப்பா